ஷாங் சுங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை வீடியோ கேமை ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், அதன் வில்லன் ஷாங் சுங் பேச்சு வராமல் இருக்காது. சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, எளிதில் தொடங்கிச் சிக்கலில் முடியும்படி அடுக்கியிருக்கிறோம்.

படிக்கும் முன் ஒன்று. 1992, 2011, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளில் வந்த ஆட்டங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஆகவே இங்கே ஆட்டங்களை ஆண்டை வைத்தே சொல்கிறோம். கதை முடிவுகளும் ஒளிவுமறைவில்லாமல் வரும்.

ஷாங் சுங் யாரு? ரெண்டு வரியில சொல்லுங்க.

தோற்றவர்களின் உயிரை உறிஞ்சி, அந்த உயிரைக் கொண்டே வாழும் மந்திரவாதி. உறிஞ்சியவர்களின் உருவத்தையும் சண்டைத் திறமையையும் எடுத்துக்கொள்வான். சிகாகோவில் மிட்வே நிறுவனத்துக்காக எட் பூன், ஜான் டோபியாஸ் குழு உருவாக்கிய 1992 ஆர்கேட் (காசு போட்டு ஆடும் எந்திரம்) ஆட்டத்தில் இவன்தான் கடைசி பாஸ், அதாவது முடிவில் வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி. ஆங்கிலத்தில் Tsung என்று எழுதும் பெயரில் உள்ள 'ட்' ஓசை ஆட்டத்தில் பெரும்பாலும் காதில் விழாது. 'ஷாங் சுங்' என்றே சொல்லலாம்.

அவன் ராஜாவா, ராஜாவோட ஆளா? சக்கரவர்த்தி ஷாவோ கான் தானே?

அவுட்வேர்ல்ட் என்ற மறுவுலகின் சக்கரவர்த்தி ஷாவோ கான். ஷாங் சுங் அவனுடைய தலைமை மந்திரவாதி. ஆனால் 1992 ஆட்டத்தை மட்டும் ஆடியவருக்கு இது தெரிய வழியில்லை. அதில் ஷாவோ கான் கிடையாது. சண்டைப் போட்டி நடக்கும் தீவு ஷாங் சுங்கினுடையது, போட்டியை நடத்துபவனும் அவன், முற்றத்து அரங்கில் சிம்மாசனத்தில் உட்கார்ந்து கை தட்டுபவனும் அவன். 1993-இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில்தான் அவனுக்கு மேலே ஒரு முதலாளி இருந்தது வெளியே வந்தது.

தீவுக்கு அதிபதி, அரண்மனையில் அடியாள்: முப்பது ஆண்டுக் கதையும் இந்த இடைவெளியை அவன் கடக்கப் பார்ப்பதுதான். 2002-இல் ஷாவோ கானை வீழ்த்திக் கூட்டாளியோடு ஆட்சியைப் பிடித்தான். 2020-இல் எல்லா உலகங்களுக்கும் மேலே ஏறிவிட்டான். இரண்டும் கீழே தனித்தனியாக வரும்.

பத்து போட்டி ஜெயிச்சா பூமி அவங்களுக்குன்னு சொல்றாங்களே, அந்தக் கணக்கு என்ன?

ஓர் உலகம் இன்னொன்றைப் படையெடுத்து விழுங்கக்கூடாது என்று மூத்த தேவர்கள் வைத்த விதி. பூமியை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவுட்வேர்ல்ட் தொடர்ச்சியாகப் பத்து முறை போட்டியில் வெல்ல வேண்டும். 'தொடர்ச்சியாக' என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்பது வென்று பத்தாவதில் தோற்றால் கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து.

போட்டி ஒரு தலைமுறைக்கு ஒருமுறை. முன்பு சாம்பியனாக இருந்த ஷாங் சுங்கை முதல் குங் லாவ் வீழ்த்தினான். அந்தக் குங் லாவை, நான்கு கைகள் கொண்ட ஷோகன் இன இளவரசன் கோரோ கொன்றான். அதிலிருந்து ஏறக்குறைய 500 ஆண்டுகள் கோரோவுக்குத் தோல்வியே இல்லை, ஒன்பது வெற்றி. 1992 ஆட்டத்தில் நீங்கள் ஆடுவது அந்தப் பத்தாவது போட்டி.

ஒரு கேம்ல கிழவன், அடுத்ததுல பையன் மாதிரி இருக்கான். ரெண்டும் ஒரே ஆளா, அப்பா மகனா?

ஒரே ஆள்தான். உயிர்கள் கையிருப்பில் இருக்கும்வரை இளமை. வரத்து குறைந்தால் முதுமை, நின்றே போனால் சாவு. மந்திரம் அவனுக்குச் சொத்து இல்லை, வட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய கடன். 1992-இல் நரைத்த தாடியோடு கூன் விழுந்து நிற்பது அதனால்தான்.

அந்தப் போட்டியில் பூமியின் வீரன் லியூ காங்கிடம் தோற்றபின் ஷாவோ கான் அவனைக் கொன்றிருக்க வேண்டும். பூமியின் வீரர்களை அவுட்வேர்ல்டுக்கே வரவழைத்து அங்கே முடித்துவிடலாம் என்று ஒரு யோசனையை விற்று உயிர் தப்பினான். கூலியாக இளமையும் திரும்பக் கிடைத்தது. 1993-இல் நீங்கள் பார்க்கும் கறுப்பு முடிக்காரன் அந்தக் கூலிதான். 2023 ஆட்டத்தில் இதையே ஆடும் முறையாக ஆக்கிவிட்டார்கள். கிழ உருவத்துக்கும் இள உருவத்துக்கும் சண்டைக்கு நடுவிலேயே மாறலாம், இரண்டுக்கும் மூவ்கள் வேறு.

உயிரைத் திருடறதுன்னா நம்ம கூடு விட்டுக் கூடு பாயற மாதிரியா?

நேர் எதிர். கூடு விட்டுக் கூடு பாய்கிறவர் தன் உயிரை வெளியே எடுத்து இன்னோர் உடலில் செலுத்துகிறார், சொந்த உடல் வெறுங்கூடாகக் கிடக்கும். ஷாங் சுங் தன் உடலை விட்டு நகர்வதே இல்லை. மற்றவர் உயிர்களை உள்ளே இழுத்து அடைத்துக்கொள்கிறான். உருவம் மட்டும் வெளியே மாறுகிறது.

ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைக்கும் மந்திரவாதியும் இவன் இல்லை. எல்லாம் அவனுக்குள்ளேயேதான் இருக்கிறது. அதனால்தான் 1992-இல் அவன் விழும்போது உள்ளே அடைபட்ட உயிர்கள் ஒவ்வொன்றாய்ப் பிய்த்துக்கொண்டு வெளியேறுகின்றன.

1992 கேம்ல அவனை வச்சு ஆட முடியலையே. சீட் கோட் இருக்கா?

இல்லை. அந்த ஆட்டத்தில் தேர்ந்தெடுக்கக்கூடியவர்கள் ஜானி கேஜ், கேனோ, ரெய்டன், லியூ காங், ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ, சோன்யா என்ற ஏழு பேர் மட்டுமே. கோரோவும் ஷாங் சுங்கும் பாஸ்கள், ரெப்டைல் ஒளிந்திருப்பவன்.

அவனைச் சந்திக்க ஏணியில் பன்னிரண்டாவது படி ஏற வேண்டும். மற்ற ஆறு பேர், உங்கள் உருவத்தோடு ஒரு சண்டை, ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் குதிக்கும் எண்ட்யூரன்ஸ் சண்டை மூன்று, பிறகு கோரோ, பிறகு இவன். கையில் எடுத்து ஆட வேண்டுமென்றால் 1993-க்குப் போங்கள்.

கோரோவையே அடிச்சுட்டேன். இவன்கிட்ட மட்டும் தோத்துக்கிட்டே இருக்கேன். என்னதான் பண்றது?

தோற்பவர்கள் பெரும்பாலும் தூரத்தில் நிற்பவர்கள். கோரோவிடம் விலகி நின்று குதித்து உதைத்த பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இவனிடம் தூரம்தான் எமன். எரியும் மண்டையோடுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்து விடுவான். ப்ளாக் செய்தாலும் (தடுத்தாலும்) ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்ப்பட்டையை அரிக்கும். எனவே நெருங்குங்கள். வீசி முடித்த கணத்தில் குதித்து உதைத்து, விழுந்தவன் எழும்போதே பக்கத்தில் நில்லுங்கள். கிழ உருவத்தில் அவனுக்கு மண்டையோட்டைத் தவிரப் பெரிய ஆயுதம் இல்லை.

உருமாறியதும் பதறக்கூடாது. அந்த ஏழு பேரையும் நீங்கள் ஏற்கெனவே வென்றுதான் இங்கே வந்திருக்கிறீர்கள். யாராக மாறினானோ அவரை அடித்த அதே வழியில் அடியுங்கள். கோரோவாக மாறினால் மட்டும் கிட்டே போய்த் தூக்கி எறியப் பார்க்காதீர்கள். கோரோவை எறிய முடியாது, பிடிக்கப் போகிறவருக்குத்தான் அடி விழும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வழுக்கல். அங்கே பின்பக்கம் அழுத்தினால் தடுப்பு. இங்கே ப்ளாக்குக்குத் தனி பட்டன். பின்னால் அழுத்திவிட்டு 'ப்ளாக் வேலை செய்யலை' என்று புலம்பியவர் கணக்கில் அடங்கார். செகா கன்சோலின் மூன்று பட்டன் பேடில் இடம் போதாமல் ஸ்டார்ட் பட்டனையே ப்ளாக் ஆக்கியிருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1993 கேம்ல உருமாற எல்லாருக்கும் மூவ் லிஸ்ட் போடுங்க ப்ரோ. கடைசியா வேற ஏதாவது இருந்தா அதையும்.

ஆர்கேட் பதிப்புக்கானது இது. 'முன்' என்பது எதிராளி நிற்கும் பக்கம். லியூ காங்: பின், முன், முன், ப்ளாக். குங் லாவ்: பின், கீழ், பின், ஹை கிக். ஜானி கேஜ்: பின், பின், கீழ், லோ பஞ்ச். ரெப்டைல்: ப்ளாக்கைப் பிடித்தபடி மேல், கீழ், ஹை பஞ்ச். சப்-ஜீரோ: முன், கீழ், முன், ஹை பஞ்ச். கிட்டானா: ப்ளாக் மூன்று தட்டு. ஜாக்ஸ்: கீழ், முன், பின், ஹை கிக். மிலீனா: ஹை பஞ்சை மூன்று விநாடி பிடித்து விடுவது. பராக்கா: கீழ், கீழ், லோ கிக். ஸ்கார்ப்பியன்: ப்ளாக்கைப் பிடித்தபடி மேல், மேல். ரெய்டன்: கீழ், பின், முன், லோ கிக். மண்டையோட்டுக்கு பின், பின், ஹை பஞ்ச். பட்டனுக்கு முன் ஒரு 'முன்' சேர்த்தால் இரண்டு ஓடு, இரண்டு 'முன்' சேர்த்தால் மூன்று.

ப்ளாக்கை விடாமல் பிடிக்கச் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. விட்டால் 'மேல்' என்பது குதிப்பாகிவிடும், மூவ் அங்கேயே செத்தது. ஸ்கார்ப்பியன் வரவில்லை என்பவர்களில் பாதிப்பேரின் தவறு இதுதான். தெரியாமலே கிட்டானாவாக மாறுகிறவர்களும் உண்டு: பயத்தில் ப்ளாக்கைப் பிடிக்காமல் தட்டித் தட்டி அழுத்துவார்கள்.

ஃபேட்டாலிட்டி என்பது வென்றபின் எதிராளியைக் கொல்லும் கடைசி மூவ். உயிரை உறிஞ்சும் ஃபேட்டாலிட்டிக்குப் பக்கத்தில் நின்று, ப்ளாக்கைப் பிடித்து, மேல், கீழ், மேல், லோ கிக். 1993 ஆட்டத்தின் நான்கு கை பாஸ் கின்டாரோவாக மாறும் ஃபேட்டாலிட்டிதான் விசித்திரம். லோ பஞ்சை முப்பது விநாடி அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்து கடைசியில் விட வேண்டும். வென்றபின் அவ்வளவு நேரம் கிடைக்காது, ஆகவே கடைசி ரவுண்ட் நடக்கும்போதே பிடிக்கத் தொடங்க வேண்டும். அதாவது லோ பஞ்சே இல்லாமல் ஜெயிக்க வேண்டும்.

பழைய பிளேஸ்டேஷன்ல உருமாறும்போது கேம் நின்னு நின்னு போகுது. டிஸ்க் போயிடுச்சா?

டிஸ்கில் கீறல் இல்லையென்றால் அது இயல்பே. ஆர்கேட் எந்திரத்தில் எல்லார் படங்களும் எந்திரத்துக்குள்ளேயே இருக்கும் ரோம் சில்லுகளிலிருந்து நேராக வரும். முதல் பிளேஸ்டேஷனில் முதன்மை நினைவகம் 2 எம்பி, படத்துக்கான நினைவகம் 1 எம்பி. சண்டையிடும் இருவரின் படங்களை வைத்தாலே நெருக்கடி. மூன்றாவது ஆள் வேண்டும் என்றதும் சிடியிலிருந்து படிக்க வேண்டும், அதன் வேகம் விநாடிக்கு 300 கேபி. அந்த இடைவெளியைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

ஆப்ஷன்ஸ் மெனுவில் உருமாற்றத்துக்கான அமைப்பு இருந்தால் அணைத்துவிடலாம், ஆனால் உருமாறாத ஷாங் சுங் உப்பில்லாத சோறு. கார்ட்ரிட்ஜ் பதிப்புகளில் இந்தத் தொல்லை கிடையாது.

மூஞ்சி ஏன் ஒவ்வொரு கேம்லயும் வேற வேறயா இருக்கு?

முதல் ஆட்டங்கள் நடிகர்களை வீடியோ எடுத்து, அந்தப் படங்களை ஆட்டத்துக்குள் ஏற்றிச் செய்தவை. 1992-இல் ஷாங் சுங்காக நின்றவர் ஹோ-சுங் பாக். அவரேதான் லியூ காங்கும்! கதாநாயகனும் வில்லனும் ஒரே ஆள், கிழவேடம் மட்டும் கூடுதல். 1993-இல் பிலிப் ஆன், 1995-இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில் ஜான் டர்க்.

1995-இல் ஹாலிவுட் படம் வந்தது. அதில் கேரி-ஹிரோயுகி டகாவா நடித்த நடிப்பு அந்தப் பாத்திரத்தின் மேல் அப்படியே படிந்துவிட்டது. 2019-இல் வந்த பதினொன்றாம் ஆட்டத்தில் அவர் முகத்தையும் குரலையுமே எடுத்துக்கொண்டார்கள். 2021 படத்தில் சின் ஹான்.

மிலீனா இவனோட பொண்ணா?

மகள் இல்லை, படைப்பு. ஷாவோ கானின் வளர்ப்பு மகள் கிட்டானாவின் இரத்தத்தோடு டர்காட்டன் இனத்தின் இரத்தத்தைச் சேர்த்து ஷாவோ கானுக்காக ஷாங் சுங் உருவாக்கிய நகல். பல் நீண்ட வாய் அந்த டர்காட்டன் பக்கம். கதை புதிதாகத் தொடங்கும் 2023 காலக்கோட்டில் இது மாறிவிட்டது. அங்கே மிலீனா கிட்டானாவின் உண்மையான இரட்டைச் சகோதரி. டர்காட் அங்கே இனம் இல்லை, நோய். ஷாங் சுங் அதை அடக்க மருந்து கொடுத்தே அரண்மனைக்குள் நுழைகிறான்.

குவான் சீயும் இவனும் ஒண்ணுதானே? ரெண்டு பேருமே உயிரை வச்சு மந்திரம் பண்றாங்க. அப்புறம் லியூ காங்கைக் கொன்னது யாரு?

குவான் சீ செத்தவர்களை எழுப்பி அடிமையாக்குபவன். ஷாங் சுங் உயிரோடு இருப்பவர்களைத் தின்பவன். ஒருவனுக்கு வேண்டியது பிணம், இன்னொருவனுக்கு வேண்டியது உயிர். அதனால்தான் கூட்டு அவ்வளவு எளிதில் பொருந்தியது.

2002 ஆட்டத்தின் பேரம் இது. அவுட்வேர்ல்டின் பழைய சக்கரவர்த்தியான டிராகன் அரசனின் பதப்படுத்தப்பட்ட படை குவான் சீக்குக் கிடைத்தது, ஆனால் உள்ளே உயிர் இல்லை. உயிரை உடலிலிருந்து உடலுக்கு மாற்றத் தெரிந்தவன் ஷாங் சுங். பதிலுக்கு அவனுக்கு ஓயாமல் உயிர்கள் வந்துகொண்டே இருக்க ஒரு வழி திறந்துவிடப்படும். மேலே சொன்ன கடன் ஒரேயடியாகத் தீர்ந்துபோகும் வாய்ப்பு அது. குறுக்கே நிற்கக்கூடியவர்கள் இருவர், ஷாவோ கானும் லியூ காங்கும். முதலில் ஷாவோ கானை வீழ்த்தினார்கள். பிறகு ஷாங் சுங், லியூ காங்கின் நண்பனான இன்றைய குங் லாவ் (முதல் குங் லாவின் வழித்தோன்றல்) உருவத்தில் போய் லியூ காங்கைத் தாக்கினான். சண்டை கைமீறும்போது குவான் சீ பின்னாலிருந்து அடித்தான். கழுத்தை முறித்ததும் உயிரை எடுத்ததும் ஷாங் சுங். இருவர் பங்கும் உண்டு, கொலை இவனுடையது.

ஒரு வேடிக்கை: அந்த ஆட்டத்தை நீங்கள் ஆடும்போது அவனால் உருமாறவே முடியாது. பாம்பு, கொக்கு என்ற இரண்டு சண்டை முறைகளும் ஒரு வாளும்தான். கதையில் உருமாறிக் கொன்றவன் கட்டத்துக்குள் வந்ததும் கைகட்டி நிற்கிறான்.

2011ல ஷாவோ கானே அவனைக் கொன்னுட்டானே. அப்புறம் எப்படி வந்தான்?

2011-இல் ஷாவோ கான் அவனிடம் சேர்ந்திருந்த உயிர்களையெல்லாம் பிடுங்கி, கிட்டானாவின் தாய் சிண்டெலுக்குக் கொடுத்தான், ஆள் முடிந்தான். சேர்த்துவைத்ததை முதலாளி ஒரு நொடியில் ஜப்தி செய்தது மாதிரி.

பதினொன்றாம் ஆட்டத்தின் வில்லி குரோனிகா காலத்தையே கையாள்கிறவள். இறந்தவர்கள் பழைய காலத்திலிருந்து வந்து நிற்பதுதான் அந்தக் கதையின் அச்சாணி. 2020 மே மாதம் வந்த ஆஃப்டர்மாத் கூடுதல் கதையில் காற்றுக் கடவுள் ஃபுஜின், பூமியின் வீரன் நைட்வுல்ஃப் ஆகியோரோடு ஷாங் சுங்கும் வெறுவெளிச் சிறையிலிருந்து வெளியே வருகிறான்.

ஆஃப்டர்மாத் கடைசியில யாரைத் தேர்ந்தெடுக்கணும்? எது சரியான முடிவு?

இரண்டும் சரி. குரோனிகாவின் கிரீடத்தை எடுத்துவரக் கடந்த காலத்துக்குப் போக வேண்டும் என்பான். போகும் வழியில் சிண்டெலையும் ஷாவோ கானையும் பயன்படுத்திவிட்டு அவர்களையும் உறிஞ்சுவான். 2011-இல் இழந்ததை அதே இருவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறான் என்பதைக் கவனித்தால் அந்தக் காட்சிக்கு இன்னொரு சுவை. கடைசியில் லியூ காங்கோடு மோதும்போது யார் பக்கம் ஆடுவது என்று கேட்கும்.

லியூ காங்கைத் தேர்ந்தால் அவன் புதிய காலத்தைப் படைக்கிறான், 2023 கதை நடப்பது அங்கே. ஷாங் சுங்கைத் தேர்ந்தால் அவன் எல்லா உலகங்களுக்கும் அதிபதி. அந்த முடிவையும் 2023 ஆட்டம் தள்ளிவிடவில்லை, பக்கத்தில் ஓடும் இன்னொரு காலக்கோடு என்று வைத்துக்கொண்டது. இரண்டையும் ஆடிப் பாருங்கள். கடைசிச் சண்டைக்கு முந்தைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாலே போதும்.

2023ல போலி மருந்து விக்கிறவனா வர்றான். அவன் எப்படி இவ்வளவு பெரிய ஆள் ஆனான்? தமாஷி யாரு?

காலத்தைப் படைத்த லியூ காங், ஷாங் சுங்குக்கு அதிகாரம் எட்டாத வாழ்க்கையைக் கொடுத்தான்: ஊர் ஊராகப் போலி மருந்து விற்பவன். குவான் சீக்குச் சுரங்க வேலை. நல்ல ஏற்பாடுதான். இருவரிடமும் தமாஷி என்றொருத்தி வந்து மந்திர அறிவைத் தந்தாள்.

ஜப்பானிய மொழியில் தமாஷி என்றால் ஏமாற்று. நம் தமாஷுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் தெரிந்தவர்கள் பெயரைக் கேட்டதுமே உஷாராகியிருப்பார்கள். அவள் உண்மையில் பக்கத்துக் காலக்கோட்டின் ஷாங் சுங், முந்தைய கேள்வியில் நீங்கள் அவன் பக்கம் ஆடி ஜெயிக்க வைத்தீர்களே, அவனேதான். இன்னொரு உலகத்தைக் கெடுக்க அங்கே இருக்கும் தன்னையே கருவியாகப் பிடித்தான்.

கதை மட்டும் தெரிஞ்சுக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது?

2011, பிறகு 2019, உடனே ஆஃப்டர்மாத், பிறகு 2023. நடுவில் 2015-இல் வந்த பத்தாம் ஆட்டத்தில் அவன் சண்டையிடும் ஆளாக இல்லை, ஆனால் 2019-இல் வரும் புதிய தலைமுறை அங்கேதான் அறிமுகம். நேரம் இருந்தால் ஆடுங்கள். 2011 ஆட்டம் முதல் மூன்று ஆட்டங்களின் கதையைத் திரும்பச் சொல்வதால் 1992-ஐத் தேடி ஓட வேண்டாம். 2002 மட்டும் பழைய காலக்கோடு, அதன் தொடக்கக் காட்சியைத் தனியாகப் பார்த்தால் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: 2019, 2023 இரண்டிலுமே ஷாங் சுங் அடிப்படை ஆட்டத்தோடு வரமாட்டான். முன்னதில் கூடுதல் ஆள், பின்னதில் முன்பதிவு செய்தவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குத் தனி விலை. எல்லாம் சேர்ந்த பதிப்பு தள்ளுபடியில் கிடைக்கும்வரை பொறுத்தால் செலவு குறையும்.